காப்பர் டி போட்டு ஏழு மாதம், இன்னும் ஒன்பது நாள் போகிறது: எடுத்துவிடவா?

திருப்பூர்_தையல்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு 27 வயது. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்பது மாதம். அவன் பிறந்து ஏழாவது வாரம் தடுப்பூசிக்கு சுகாதார நிலையம் போனபோது நர்ஸம்மா கேட்டார், நானும் யோசித்து வீட்டுக்காரரிடமும் போனில் சொல்லிவிட்டு, கர்ப்பம் ஆகாமல் இருக்க கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடும்போது சுருக்கென்று ஒரு வலி, அப்புறம் அன்று முழுக்க அடிவயிறு இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான்.

பிரச்சினை பீரியட்ஸ் திரும்ப வந்த பிறகுதான். முன்பெல்லாம் நான்கு நாள், மூன்றாம் நாளே பாதி நின்றுவிடும். இப்போது ஒன்பது நாள். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், நின்றுகொண்டே வேலை, பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அவர் ஆண். இரண்டு மாதமாக பீரியட்ஸ் இல்லாத நாளிலும் அடிவயிற்றில் பிடித்துப் பிடித்து விடுகிறது. போன வாரம் ரத்தம் பார்த்தார்கள், பிரசவத்துக்கு அப்புறம் 11.2 இருந்த ஹீமோகுளோபின் 9.1.

கேட்டால் "ஆறு மாசம் பொறும்மா, சரியாயிடும்" என்றார்கள். ஆறும் போய் ஏழும் வந்துவிட்டது. மாமியார் "எதுக்கு இந்தக் கம்பியெல்லாம், பேசாம ஆபரேஷன் பண்ணிட்டு வந்துரு" என்கிறார். எனக்கு இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று தோன்றுகிறது, காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் பொறுக்கவா, எடுத்துவிடவா?

வாண்டு_ரெண்டு

தங்கச்சி, அப்படியே என் கதை. எனக்கு முதல் ஐந்து மாதம் நரகம். எட்டு நாள், கட்டி கட்டியாக. ஸ்கூட்டியில் உட்காரவே பயம், கறுப்பு சுடிதார் தவிர எதையும் போடவில்லை. டாக்டர் பீரியட்ஸ் நாட்களில் மட்டும் போட ரத்தப்போக்கும் வலியும் குறைய டிரானெக்சாமிக், மெஃபனமிக் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார், அது நன்றாகக் கேட்டது. ஆறாவது மாதத்தில் ஆறு நாளாகக் குறைந்தது, ஒரு வருடத்தில் ஐந்து. இப்போது ஆறாவது வருடம் ஓடுகிறது, உள்ளே ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை. மாத்திரை மறந்தேனா, நாள் தள்ளிப்போனதா என்ற கணக்கெல்லாம் இல்லாமல் தூங்குகிறேன். ஆனால் எனக்கு பீரியட்ஸ் இல்லாத நாளில் வலி இருந்ததில்லை. நீங்கள் சொல்லும் அந்த இரண்டு மாத வலிதான் எனக்கு இடிக்கிறது. மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பால் கொடுக்கிறீர்கள் வேறு. போய்க் காட்டுங்கள்.

சும்மா_வாசகி

எடுத்துவிடு. 9.1 வைத்துக்கொண்டு என்ன யோசனை.

வைகைக்கரை

திருப்பூர், உங்களிடம் கேட்டுத்தான் போட்டார்கள் என்று நீங்கள் முதலிலேயே சொன்னது என்னைக் குத்திவிட்டது. உங்கள் மேல் கோபம் இல்லை. கேட்டுப் போடுவது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாக இருக்கிறதே என்றுதான்.

என் முதல் பிரசவம் 2019ல், சிசேரியன், அரசு மருத்துவமனை. ஊர் பெயர் வேண்டாம். பதினாறு மணி நேரம் வலி எடுத்து, குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது என்று அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். அப்போது என் அம்மா நாலைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ், கையில் ஒரு அட்டை. அதில் ஆங்கிலத்தில் ஏதோ கிறுக்கி இருந்தது, நான் பார்க்கவில்லை, என் கண் எல்லாம் குழந்தை மேல்.

மகளுக்கு மூன்று வயதானதும் அடுத்ததற்கு முயற்சி செய்தோம். பதினான்கு மாதம். மாதா மாதம் கிட் வாங்கி, ஒரு கோடு பார்த்து, பாத்ரூமிலேயே அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவேன். "ஒண்ணோட நின்னு போச்சா" என்று நாத்தனார் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் கேட்டார்கள். வேண்டுதல், நாட்டு மருந்து, கடைசியில் தனியார் கருத்தரிப்பு மையம். அங்கே ஸ்கேன் செய்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காப்பர் டி இருக்கே மேடம், எடுக்காமயா ட்ரை பண்றீங்க?"

எனக்கு அந்த நிமிடம் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். வேறு யாருடைய ஸ்கேனோ என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பீரோவில் அந்தப் பழைய அட்டையைத் தேடி எடுத்தால், அதில் இருக்கிறது, பி.பி.ஐ.யு.சி.டி. என்று, தேதியோடு. பிரசவத்தோடு சேர்த்துப் போடுவது என்று அர்த்தமாம், கூகுளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எடுப்பதற்காக டியில் கட்டியிருக்கும் நூல் கீழே இறங்காமல் உள்ளேயே சுருண்டிருந்ததால் சாதாரணமாக எடுக்க முடியவில்லை, மயக்கம் கொடுத்து உள்ளே கேமரா விட்டு எடுத்தார்கள். எடுத்த ஐந்தாவது மாதம் கரு நின்றது. இப்போது மகனுக்கு ஒன்றரை வயது.

யாராவது "நல்லதுதானே, மூணு வருஷம் இடைவெளி கிடைச்சுதே" என்று சொன்னால் எனக்கு அடிக்கத் தோன்றும்.

லேபர்வார்டு_14

நான் பதினான்கு வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியர். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

முதலில் திருப்பூர். காப்பர் டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் அதிகம் போவதும் இழுப்பதும் சகஜம், அதனால்தான் உங்களைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பொறு என்றால் பார்க்காமலே பொறு என்று அர்த்தம் இல்லை. ஆறு மாதம் தாண்டி, ஹீமோகுளோபின் இரண்டு புள்ளி இறங்கி, இடைநாட்களிலும் வலி என்றால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் மேல்பகுதியில் உட்கார்ந்திருக்க வேண்டியது சிலருக்குக் கீழே நழுவி வாய்ப்பகுதியில் பாதி வந்து நிற்கும். அந்த நிலையில் வலியும் தரும், பாதுகாப்பும் குறையும். ஸ்கேன் ஒன்று எடுங்கள், கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல் இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே போங்கள். நூல் தட்டுப்படுகிறதா என்று எப்போதாவது பார்த்தீர்களா? கையைக் கழுவிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, நடுவிரலால் பார்த்தால் மீன்பிடி நரம்பு மாதிரி தட்டுப்படும். முன்பைவிட நீளமாகத் தெரிந்தால், அல்லது பிளாஸ்டிக் மாதிரி கட்டியாகத் தட்டினால், நழுவியிருக்கலாம்.

எடுக்க வேண்டும் என்றால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, காரணம் கூட வேண்டாம். "இன்னும் கொஞ்சம் பாரு" என்று ஒரு தடவை சொல்வார்கள், எங்கள் ஆட்களும் சொல்வார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் அட்டையில் 380 ஏ என்று இருந்தால் அது பத்து வருடத்துக்கு, 375 என்றால் ஐந்து வருடத்துக்கு. பல பேர் அட்டையைத் தொலைத்துவிட்டு எந்த வருடம் போட்டது என்றே தெரியாமல் வருகிறார்கள்.

அடுத்து வைகைக்கரை. உங்களுக்கு நடந்தது தப்பு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் போடலாம், சிசேரியனில் தையல் போடும் முன்னால் அந்த வெட்டு வழியாகவே வைத்துவிடலாம். மருத்துவரீதியாக நல்ல முறைதான், மறுபடி ஒரு தடவை வர வேண்டியதில்லை. ஆனால் இதைக் கர்ப்பகாலச் செக்கப்பிலேயே எடுத்துச் சொல்லி, அப்போதே சம்மதம் வாங்கி எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் விதிமுறை. நடப்பது என்னவென்றால், ஒரு ஷிப்டில் இருபது பிரசவம், மேலே இருந்து இந்த மாதம் எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள், போட்டுக்கொள்பவருக்கும் போடுபவருக்கும் ஊக்கத்தொகை வேறு. கேட்பது என்பது அந்த அவசரத்தில் ஒரு சடங்காகிவிடுகிறது.

வைகைக்கரை

அக்கா, மரியாதையோடுதான் கேட்கிறேன். "அவசரத்தில் சடங்காகிவிடுகிறது" என்று நீங்கள் எழுதுவது சுலபம். நீங்கள் கேட்காமல் போட்டிருக்கிறீர்களா?

மூணாவது_முத்து

வைகை, அவர் உதவி செய்யத்தானே வந்திருக்கிறார், அவரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

லேபர்வார்டு_14

இருக்கட்டும், நியாயமான கேள்விதான். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

கேட்காமல் போட்டதில்லை. ஆனால் குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் "காப்பர் டி போட்டுடலாமாம்மா" என்று கேட்டு, அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்" என்றதைச் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை இல்லை. அந்த நேரத்தில் அவளிடம் "உன் வீட்டை எழுதிக் கொடுக்கிறாயா" என்று கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள். நான்கைந்து வருடமாக அப்படிச் செய்வதில்லை. வலி வராதபோது, அட்மிஷன் ஆகும் நேரத்தில் கேட்கிறேன், வேண்டாம் என்றால் பெரிய எழுத்தில் கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கிறேன், அடுத்த ஷிப்டுக்கும் வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன். என் எண்ணிக்கை குறைந்தது. திட்டு வாங்கினேன்.

வைகைக்கரை

சொன்னதற்கு நன்றி அக்கா. எனக்கு உடனே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

யாழ்_முற்றம்

நான் யாழ்ப்பாணம். இங்கே நாங்கள் இதை லூப் என்றுதான் சொல்வோம், காப்பர் டி என்றால் பாதிப் பேருக்கு விளங்காது. எங்களுக்கு மருத்துவமாது வீட்டுக்கே வருவா, பிள்ளையின் நிறை பார்க்க வருகிறபோதே அடுத்தது என்ன யோசனை என்று கேட்பா. எனக்கு அவ மூன்று தரம் வந்து கதைத்த பிறகுதான் கிளினிக் போனேன். ஒரு தரம் என் மாமியும் இருந்து கேட்டவ, "கர்ப்பப்பைக்குள்ள செம்பு கிடந்தா துருப்பிடிக்காதோ" என்று. மருத்துவமாது சிரிக்காமல் பதில் சொன்னா: செம்பிலிருந்து மிக நுண்ணிய அளவில் வெளிவருவதுதான் விந்தணுக்களை முடக்குகிறது, அதற்காகத்தான் செம்பே தவிர வேறு ஒன்றும் இல்லை, சூல் முட்டை வழமைபோல வரும், மாதவிடாயும் வழமைபோல வரும் என்று. அந்த விளக்கம் எனக்கு இன்றைக்கும் பாடம்.

ஐந்து வருடம் ஒரு சிக்கலும் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதம் இவர் நூல் தட்டுப்படுகிறது என்று முறைப்பாடு. பிறகு அவரே மறந்துபோனார்.

கோவை_கணவன்

நடுவில் ஒரு ஆண் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவி போட்டு இரண்டு வாரம் ஆகிறது, யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன அதே புகார்தான் எனக்கும், நூல் குத்துகிறது. அதைக் குட்டையாக வெட்டச் சொல்லலாமா? கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே.

லேபர்வார்டு_14

தம்பி, கேட்டது நல்லது. ரொம்பக் குட்டையாக வெட்டினால்தான் அதிகம் குத்தும், நறுக்கின மீசை மாதிரி. கொஞ்சம் நீளமாக விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மெத்தென்று ஆகி, கர்ப்பப்பை வாயைச் சுற்றி மடிந்துகொள்ளும். நூல் இல்லாமல் உள்ளே போய்விட்டால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மேலே வைகைக்கரை எழுதியதைப் படியுங்கள். மூன்று மாதம் பொறுங்கள், உங்களைப் பொறுக்கச் சொல்வதில் எனக்கு வருத்தமே இல்லை.

சும்மா_வாசகி

அவருக்கு நூல் குத்துகிறதாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல் நாடு முழுக்கப் பெண்கள் செய்துகொண்ட ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. இந்த 0.3 சதவீத ஆட்களுக்கு யாராவது சிலை வையுங்கள்.

கோவை_கணவன்

அடி சரியான இடத்தில் விழுந்தது. மனைவியிடம் காட்டினேன், அவள் இரவு முழுக்கச் சிரித்தாள்.

நெல்லை_ஆச்சி

இது ஆச்சி சொல்ல, பேத்தி நான் தட்டச்சு செய்வது. இந்த இழையை நேற்று வாசித்துக் காட்டினேன், "எளுது, நானும் சொல்லுதேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு 77 வயது.

"எனக்கு நாலு பிள்ளை. நாலாவது பிறந்த வருசம் 1973. அப்ப எல்லாச் சுவத்துலயும் சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர். நமக்கு நாலாச்சே, நம்ம எங்க போகன்னு சிரிப்போம். நர்ஸ் ஒருத்தி வந்து லூப் போட்டா. பாம்பு வளைஞ்ச மாதிரி வெள்ளையா பிளாஸ்டிக்கு, செம்பு கிம்பு ஒண்ணும் கிடையாது. ஊரு முழுக்கப் பயங்காட்டினாளுவ. அது ரத்தத்துல ஏறித் தலைக்குப் போயிரும், ஆம்பளைக்கு ஷாக் அடிக்கும், ரெண்டு பேரும் ஒட்டிக்கிடுவீகன்னு. எங்க ஆச்சி வீட்டுக்காரர் ஒரு மாசம் திண்ணையிலயே படுத்தாரு. உதிரப்போக்கு நிறையத்தான் இருந்துது. பழைய சேலையைக் கிழிச்சுத்தான் வைப்போம், அதை யாரு கண்ணுலயும் படாம வெயில்ல காயப்போடணும், அதுதான் பெரிய பாடு. ஆனா பயம் இல்லாமக் கிடந்தேன். ஆறு வருசம் கழிச்சு எடுத்தேன். வலிச்சுதான்னு கேட்டா, நாலு பெத்தவளுக்கு அது ஒரு வலியா."

(நான் தேடிப் பார்த்தேன், அது லிப்பெஸ் லூப். ஜாக் லிப்பெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்தது, இந்தியாவில் 1965ல் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். "எங்க ஆச்சி வீட்டுக்காரர்" என்று அவள் சொன்னது தாத்தாவை அல்ல, பக்கத்து வீட்டு ஆச்சியின் கணவரை. தாத்தா திண்ணைக்குப் போனாரா என்று கேட்டேன், பதில் இல்லை.)

கிராய்டன்_தமிழச்சி

ஆச்சிக்கு என் வணக்கம், ஆனால் அந்தக் கடைசி வரியோடு எனக்குச் சண்டை உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு அது ஒரு வலியா என்ற பேச்சுத்தான் எங்களை வாயடைக்கிறது. நான் பிள்ளை பெறவில்லை. லண்டன் பக்கம் இருக்கிறேன், இங்கே இதன் பெயர் காயில், அரசுச் செலவில் இலவசம். 2020ல் முதல் தடவை போட்டபோது "இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வா, லேசாகச் சுண்டும்" என்றார்கள். கர்ப்பப்பை வாயை ஒரு கொக்கியால் பிடித்து இழுத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, காது அடைத்தது, எழுந்து நின்றதும் விழுந்துவிட்டேன். நர்ஸ் பிஸ்கட் கொடுத்தார். நான்தான் பலவீனம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பி.பி.சி. ரேடியோவில் அறிவிப்பாளர் நாகா முன்செட்டி தனக்குப் போட்டபோது இரண்டு தடவை மயங்கியதைச் சொன்னார். அதைக் கேட்ட அன்று இரவு என் அக்காவிடம் சொன்னேன், அவள் "எனக்கும்தான்" என்றாள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வலியைப் பற்றி எல்லோரிடமும் முன்கூட்டிப் பேச வேண்டும், லிடோகெய்ன் மரப்பு ஊசியோ தடவும் மருந்தோ பயன்படலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆச்சி காலத்திலிருந்து கணக்கிட்டால் ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது இதை எழுத.

இரண்டாவது தடவை மாற்றும்போது மரப்பு ஊசி கேட்டேன், கொடுத்தார்கள். சுண்டியது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இப்படி வலிக்காது, என் தோழி ஒருத்தி போட்டுவிட்டு நேராக வேலைக்குப் போனாள். பயமுறுத்த எழுதவில்லை. கேட்கலாம் என்று தெரியட்டும் என்று எழுதினேன்.

நெல்லை_ஆச்சி

ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு "வலிச்சுதுதான். யாரு கேட்டா" என்றாள்.

நாற்பத்து_மூணு

காப்பர் டி பேச்சுக்கு நடுவில் ஹார்மோன் உள்ளதைப் பற்றியும் ஒன்று. எனக்கு 43. பிள்ளை வேண்டாம் என்பதற்காகப் போடவில்லை, ரத்தப்போக்குக்காகப் போட்டது. அடினோமையோசிஸ், கர்ப்பப்பை வீங்கி மாதம் பன்னிரண்டு நாள் போகும், ஒரு தடவை ரத்தம் ஏற்றினார்கள். முதலில் பார்த்த இடத்தில் "ரெண்டு பிள்ளை இருக்கில்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார்கள், பல் பிடுங்குவது மாதிரி. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் மிரீனாவைச் சொன்னார். அதுவும் டி வடிவம்தான், செம்புக்குப் பதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கசிந்து கர்ப்பப்பையின் உட்சுவரை மெல்லியதாக்கும். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம், இது கையிலிருந்து ஆயிரக்கணக்கில். அந்த மாதம் சீட்டுப் பணம் அதற்குத்தான் போனது.

முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகத் தினமும். மார்பில் கனம், முகத்தில் பரு, இந்த வயதில். எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை அப்பாயின்ட்மென்ட் போட்டு ரத்து செய்தேன். ஐந்தாம் மாதம் நின்றது. இப்போது ஒன்றரை வருடமாக பீரியட்ஸே இல்லை, ஹீமோகுளோபின் 7.8லிருந்து 12. என் அம்மாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை, கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று புலம்புகிறார். உட்சுவர் வளர்ந்தால்தானே உதிர, தேங்க அங்கே ஒன்றுமே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் "எல்லாம் சரி, ஆனா மாசா மாசம் போகணும்ல" என்பார்.

திருப்பூர், காப்பர் டி போக்கைக் கூட்டும், இது குறைக்கும், இரண்டையும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

மூணாவது_முத்து

என் பெயரைப் பார்த்தாலே கதை தெரிந்திருக்கும். காப்பர் டி போட்டு ஐந்தாவது மாதம் ஒரு பீரியட்ஸில் கட்டியோடு கட்டியாக விழுந்துவிட்டது போல, நான் கவனிக்கவில்லை. உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். மூன்று மாதம் கழித்து வாந்தி. ஸ்கேனில் குழந்தை இருக்கிறது, டியைக் காணோம். எக்ஸ்ரேயில்தான் டி தெளிவாகத் தெரியுமாம், கர்ப்பமாக இருந்ததால் பிரசவம் முடிந்த பிறகு எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றில் எங்கேயும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. என் அண்ணி குழந்தை கையில் டியைப் பிடித்துக்கொண்டு பிறக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மூன்றாவதுதான் இப்போது வீட்டுக்கே ராஜா.

ஆனால் நூலைப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விரல் விட்டுப் பார்ப்பது என்றால் அன்றைக்கு அருவருப்புப்பட்டிருப்பேன், அதுவும் உண்மை.

லேபர்வார்டு_14

பிரசவத்தோடு போடுவது விழுந்துவிடும் வாய்ப்பு சாதாரணமாகப் போடுவதைவிட அதிகம். முதல் சில மாதம் பீரியட்ஸ் முடிந்ததும் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் ஒன்று, காப்பர் டி இருந்தும் நாள் தள்ளினால் சும்மா இருக்காதீர்கள். கர்ப்பம் ஆவதே அபூர்வம்தான், நூறு பேரில் வருடத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அப்படி ஆனால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கும் வாய்ப்பைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல் என்றால் காத்திருக்கவே கூடாது.

திருப்பூர்_தையல்

எல்லோருக்கும் நன்றி, பதினொரு நாள் கழித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு கிடைக்கவில்லை, அன்று ஸ்கேன் சென்டர் மூடியிருந்தது, கடைசியில் அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று போனேன்.

லேபர்வார்டு அக்கா சொன்னதுதான். கீழே நழுவி வாய்ப்பகுதியில் பாதி வந்து நின்றிருந்தது. அங்கேயே எடுத்துவிட்டார்கள். "இருமும்மா" என்றார் டாக்டர், இருமினேன், முடிந்துவிட்டது. கையில் கொடுங்கள் பார்க்கிறேன் என்றேன், தட்டில் வைத்துக் காட்டினார். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இதற்காகவா ஏழு மாதம் என்று இருந்தது.

வேறொன்று உடனே போடலாம், சரியான இடத்தில் உட்கார்ந்தால் இப்படி இருக்காது என்றார்கள். வாண்டு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, மனசு பாதி போனது. ஆனால் ரத்தம் 9ல் இருக்கும்போது இன்னொரு ஆறு மாதச் சோதனைக்கு நான் தயார் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசியும் சொன்னார்கள். சாயா என்ற கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி வந்திருக்கிறேன், ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம், பீரியட்ஸ் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும், ரத்தம் ஏற அதுவும் நல்லதுதான் என்றார்கள். இரும்பு மாத்திரையும் ஓடுகிறது.

மாமியாருக்குத் திருப்தி இல்லை. சும்மா_வாசகி போட்ட அந்த 37.9, 0.3 கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

ஒரு சந்தேகம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு என்றார்கள். வியாழக்கிழமை பீரியட்ஸ் வந்தது, அன்றைக்கே முதல் மாத்திரை போட்டேன். அடுத்தது எந்தக் கிழமை? கேட்டுக்கொண்டுதான் வந்தேன், பஸ்ஸில் மறந்துவிட்டேன்.

வைகைக்கரை

மறக்காமல் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும், டி எடுத்த தேதி எழுதின சீட்டையும் பத்திரமாக வையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், எனக்கு அனுப்பினாலும் படித்துச் சொல்கிறேன்.

லேபர்வார்டு_14

வியாழன் போட்டால் அடுத்தது ஞாயிறு. மூன்று மாதம் வியாழன், ஞாயிறு, அதற்கப்புறம் வியாழன் மட்டும். அடுப்படி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், மாமியார் கேட்டால் விரதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.